ஓர்கன் இரையுது என்று கடைக்குக் கொண்டுபோக முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்

கிளிநொச்சியில் ஒரு கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடமாட்டேன், ஏனென்றால் என் கையில் பில் இல்லை. அது ஏன் இல்லை என்பதும் கீழே வரும்.

நாங்கள் விசுவமடுப் பக்கம். முன்பள்ளிக் கலைவிழாவில் பிள்ளைகள் ஆட ஓர்கனில் (மின்சாரக் கீபோர்ட்டில்) ஒரு மெட்டு வாசித்துப் பதிந்து தரச்சொல்லி ஆசிரியை கேட்டா. போனைப் பக்கத்தில் வைத்துப் பதிந்தால் ஃபேன் சத்தமும் சேர்ந்து வருகிறது என்று, ஓர்கனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை லேப்டொப்புக்குக் கொடுத்து வாசித்தேன். போட்டுக் கேட்டால் மெட்டையே காணவில்லை, விரல் கட்டையில் படுகிற டக் டக் சத்தமும் பக்கத்து வீட்டுக் கோழியும்தான் இருந்தன. லேப்டொப்பில் இருப்பது ஹெட்போனுக்கும் மைக்குக்கும் பொதுவான ஒரே துளை. சாதாரண வயரைச் செருகினால் ஹெட்போன் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பதிவைத் தன் உள் மைக்கிலேயே செய்யும். அப்போது எனக்கு இது தெரியாது, வயரையும் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முதலில் மைக்குக்கு ஒரு வால், ஹெட்போனுக்கு ஒரு வால் என்று பிரிக்கிற வயர் தந்தார். அது சரிதான், சத்தம் வந்தது. ஆனால் கிழிந்த சத்தம். ஒரு கட்டையை மெதுவாக அமத்தினால் பரவாயில்லை, இரண்டு கையும் வைத்தால் கரகரவென்று இரைச்சல். திரும்பப் போனேன். "அண்ணை, இதுக்கு சவுண்ட் காட் வேணும்" என்று பெருவிரல் அளவு யூஎஸ்பி சாமான் ஒன்றை 3,500 ரூபாய்க்குத் தந்தார். பெட்டியில் 7.1, அதாவது சுற்றிவர ஸ்பீக்கர் வைத்ததுபோலக் கேட்கும் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அந்த 7.1 ஹெட்போனில் கேட்பதற்கான விளையாட்டு, உள்ளே எடுக்கிற பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு மைக் துளை, அதுவும் மோனோ, இடது வலது என்று பிரியாது. வீட்டில் போட்டால் அதே கரகரப்பு.

மூன்றாம் தரம் போனபோதுதான் பெரிய வெட்டு. "அப்ப பிழை ஓர்கனிலதான், கொண்டு வாங்கோ." போர்வையில் சுற்றி, மோட்டார்சைக்கிளின் பின்னால் மருமகனை இருத்தி, அவன் மடியில் குறுக்காக வைத்துப் பரந்தன் றோட்டால் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு நாள் வைத்திருந்தார். "அவுட் போட் (சத்தத்தை வெளியே அனுப்புகிற பலகை) போய்ட்டுது, மாத்தியாச்சு" என்று 8,000 எடுத்தார். கழற்றிய பழைய போட்டைக் காட்டுங்கோ என்றதற்கு, எறிந்தாச்சு என்றார். அடியில் ஒட்டியிருந்த வொறண்டி ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து பதிந்தேன். அதே கரகரப்பு.

கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் போடுகிற எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் வந்து, லேப்டொப் பக்கமே போகாமல், ஓர்கனில் ஒரு ஹெட்போனைச் செருகி என் காதில் வைத்தான். கண்ணாடி மாதிரிச் சுத்தமான சத்தம். "ஓர்கன் நல்லாத்தானே இருக்கு, என்னத்தை மாத்தினவங்கள்?" என்று கேட்டான். இந்த ஒரு நிமிஷச் சோதனையைத்தான் அந்தக் கடைக்காரர் செய்யவில்லை, அல்லது செய்துவிட்டுச் சொல்லவில்லை.

பிறகு நான் பதியப் பாவித்த ஓடாசிற்றி (Audacity) என்ற மென்பொருளில் என் பதிவைத் திறந்து பெருப்பித்துக் காட்டினான். அலை மேலே வளைந்து இறங்க வேண்டிய இடமெல்லாம், கிளுவை வேலியைக் கத்தியால் மட்டம் வெட்டியதுபோல மொட்டையாக இருந்தது. மைக் துளை எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட்தான். ஓர்கனின் ஹெட்போன் துளையோ சத்தத்தைக் கூட்டினால் ஒரு வோல்ட் மட்டுக்கும் தரும். போதாததற்கு விண்டோஸில் மைக் பூஸ்ட் 20 டெசிபலில் நின்றது, அதாவது வருகிறதைப் பத்து மடங்காக்கும். ஓடாசிற்றியில் அளவைக் குறைத்து நானும் பார்த்திருந்தேன், மொட்டை அப்படியேதான், கொஞ்சம் சின்ன மொட்டை. உள்ளே நுழையும்போதே வெட்டுப்பட்டதைப் பிறகு குறைத்து என்ன செய்ய?

பூஸ்டைப் பூச்சியமாக்கி, ஓர்கனின் சத்தத்தைக் கால்வாசிக்குக் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னான். இரைச்சல் போய்விட்டது. ஒரு சதம் செலவில்லை! பின்னணியில் மெல்லிய சீ என்ற சத்தம் மட்டும் இருந்தது. அதற்கும் அவனே, லைன் உள்ளீடு (மைக்கை விடப் பெரிய அளவில் வரும் சத்தத்தை வாங்கும் துளை) இருக்கிற ஓடியோ இன்டர்ஃபேஸ், அதாவது சத்தத்தை யூஎஸ்பி வழியாக லேப்டொப்புக்குக் கொடுக்கும் பெட்டி ஒன்றை இரவல் தந்தான். ஹெட்போன் துளையிலிருந்து இடது, வலது என்று இரண்டாகப் பிரியும் வயர் போட வேண்டும், ஒரே ஸ்டீரியோ வயரை அதன் ஒரு துளைக்குள் செருகினால் இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துச் சத்தம் கோதாகிவிடும் என்றான். பதிவின் அளவைக் காட்டும் மீற்றர் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாமல் (பூச்சியத்தில் வெட்டுப்படும்) பார்த்துக்கொண்டோம். ஹூம் என்று ஒரு முனகல் வந்தது, லேப்டொப் சார்ஜரைக் கழற்றினதும் நின்றது. மேசைக் கொம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுகம், பின்னால் நீலத் துளை இருந்தால் அதுதான் லைன், ரோஸ் நிறம் மைக். ஓர்கனின் யூஎஸ்பி வயரையே போட்டால் என்ன என்று கேட்பீர்கள். சிலதில் ஓடியோ போகும், பலதில் மிடி மட்டும்தான், அதாவது எந்தக் கட்டையை அமத்தினோம் என்ற தகவல் மட்டும், சத்தம் இல்லை, புத்தகத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "திருத்தினதுக்குத்தானே அண்ணை காசு எடுத்தது." பில் தாங்கோ என்றால், புத்தகம் முடிஞ்சுது, பிறகு வாங்கோ. வாங்கிய அன்றைக்கே நான் கேட்டிருக்க வேணும், முகத்துக்கு அஞ்சி விட்டுவிட்டேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் காட்ட ஒரு துண்டுக் கடதாசியாவது வேண்டாமா?

கலைவிழா நல்லபடி முடிந்தது. ஓர்கனின் அடியில்தான் இரண்டு ஆணி குறைவு, சத்தத்தைக் கூட்டி இடக்கைப் பக்கம் வாசித்தால் மூடி அதிர்ந்து கரகரக்கிறது.