மேலா, கீழா? அவிநாசி சாலையில் கைப்பேசி வரைபடத்தோடு ஒரு மல்லுக்கட்டு

புதுக் கார் பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், கூடுதல் பணம் கொடுத்து நேவிகேஷன் உள்ள மாடலை எடுக்கலாமா, கைப்பேசி வரைபடமே போதுமா என்று கேட்டார். கைப்பேசியே போதும். காரோடு வரும் வரைபடத்தை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் புதுப் பாலங்களே அதில் இருக்காது. பதில் அவ்வளவுதான். ஆனால் பாலம் என்றதும் என் வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

கோவை அவிநாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தார்கள். அன்று முதல் என் செயலிக்குத் தலை சுற்றுகிறது. பாலத்தின் மேலே போய்க்கொண்டிருப்பேன். லட்சுமி மில்ஸ் சந்திப்பில் இடதுபுறம் திரும்பச் சொல்லும். எப்படித் திரும்புவது, கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டா? கீழே சிக்னலில் நிற்கும்போதோ, பாலத்தின் மேல் பறப்பதாக நினைத்துக்கொண்டு நேராகப் போகச் சொல்லும். ஏறுதளமும் இறங்குதளமும் சில இடங்களில் மட்டுமே உள்ள பாலம் இது. தவறி ஏறினால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

காரணம் தெரியாமல் திட்டவில்லை. வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலோ அதற்கும் மேலேயோ சுற்றுகின்றன. நமக்குக் கீழிருந்து அவற்றின் சிக்னல் எதுவும் வராது. அதனால் இடம் காட்டும் அளவுக்கு உயரம் துல்லியமாக வராது. வரைபடத்திலோ இரண்டு சாலைகளும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. சரி, கான்கிரீட்டுக்கு அடியில் போனால் சிக்னல் தேய்கிறதே, அதை வைத்தாவது ஊகிக்கக் கூடாதா? மேம்பாலத்தில் ஏறவும் என்று சொல்லும் வசதி வந்துவிட்டது, மறுக்கவில்லை. ஏறாமல் விட்டவன் கீழேதான் இருக்கிறான் என்று ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மைதான் வரவில்லை. காந்திபுரத்து இரண்டடுக்குப் பாலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இதே செயலி வால்பாறை மலையில் என்னை வாயடைக்க வைத்ததையும் சொல்லியாக வேண்டும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள்; டவர் போய்விட்டது. முன்பே இறக்கி வைத்திருந்த வரைபடத்தில் நீலப் புள்ளி மட்டும் அசராமல் நகர்ந்துகொண்டிருந்தது. இடத்தை அறிய இணையம் தேவையில்லை, வானம் தெரிந்தால் போதும். மூடுபனியில், அடுத்த வளைவு எந்தப் பக்கம் மடங்குகிறது என்று முன்கூட்டியே கண்ணில் படுவது பெரிய தெம்பு. இணையம் கிடைக்கும் இடங்களில் போய்ச் சேரும் நேரத்தையும் பெரும்பாலும் சரியாகவே கணிக்கிறது. நமக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருப்பவர்களின் கைப்பேசிகள்தான் அதற்கு ஒற்றர்கள்.

நியாயப்படி ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தர வேண்டும். இன்று ஒன்றுதான் தருவேன். பாலத்தின் வழியிலேயே இருக்கும் பீளமேட்டில் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பிய அப்பாவுக்குக் கோல்டுவின்ஸ் வரை ஊரைச் சுற்றிக் காட்டியிருக்கிறது. திரும்பி வருவதற்குள் டோக்கன் போய்விட்டது.