வாட்டர் டிராகனா, இகுவானாவா: தினமும் தொட்டி கழுவப்போவது யார்?

மரக்கிளையில் தூங்கி, ஆபத்து என்றால் தண்ணீரில் குதித்து ஒளியும் பல்லியை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் வந்துதான் நிற்பார்கள்: தென்கிழக்கு ஆசியாவிலும் தென்சீனாவிலும் வாழும் பச்சை வாட்டர் டிராகன், மத்திய, தென் அமெரிக்காவின் பச்சை இகுவானா. குட்டியில் இரண்டும் பச்சையாக, ஒல்லியாக, ஏமாற்றும் அளவுக்கு ஒன்றுபோல இருக்கும். நான் எடுத்தது வாட்டர் டிராகன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

யுவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு, வெயில் காயச் சூடான ஓர் இடம், ஏறத் தடித்த கிளைகள், ஈரமான காற்று எல்லாம் இரண்டுக்கும் வேண்டும். யுவிபியும் கால்சியமும் குறைந்தால் எலும்பு மென்மையாகி வளைந்துவிடும். இதில் பேச ஒன்றுமில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் இகுவானாவுக்கே ஓட்டு. அது சுத்த சைவம். இலை, கீரை போதும். வாட்டர் டிராகனுக்கோ முக்கிய உணவு பூச்சி. அதற்காகச் சுவர்க்கோழிகளையும் சேர்த்து வளர்க்க வேண்டும். தப்பித்த ஒன்று அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

ஆனால் என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது தண்ணீர்தான். இரண்டுமே தண்ணீரில் மலம் கழிக்கும். வாட்டர் டிராகன் காலையில் உடம்பு சூடேறியதும் கிளையிலிருந்து இறங்கி, வாலைத் தொட்டியில் நனைத்தபடி பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடக்கும். கொஞ்ச நேரத்தில் காரியம் முடிந்துவிடும். அப்புறம் அதே தண்ணீரில் தலையை வைத்துக் குடிக்கும்! அதனால்தான் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். ஃபில்டர் போட்டால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியுமே தவிர, கிருமி போகாது. மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமி இந்த இனங்களில் சாதாரணம். தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது.

சரி, இரண்டுக்கும் இதே பாடுதானே என்றால், அளவு குறுக்கே வருகிறது. ஆண் வாட்டர் டிராகன் சுமார் 90 செ.மீ. வளரும், அதிலும் பெரும்பகுதி வால். உடம்பு முழுக்க முங்கும் தொட்டியை வைத்தாலும் அதை ஒருவரே தூக்கிக் கவிழ்த்துக் கழுவ முடியும். இகுவானா ஒன்றரை மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். அதற்கு ஏற்ற தொட்டி என்றால் குளியல்தொட்டிதான். அதைத் தூக்க முடியாது, அடியில் குழாய் வைத்து வடிக்க வேண்டும். 15 வருடத்துக்கு மேல் வாழக்கூடிய பிராணிக்கு இதைத் தினமும் செய்வதை நினைத்துப் பாருங்கள். இகுவானாவை வேறொருவருக்காகக் கொஞ்ச காலம் பார்த்துக்கொண்டதோடு சரி, அதனால் அதன் குணத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. தொட்டியைப் பற்றிச் சொல்ல அந்தக் கொஞ்ச காலமே போதும்.

வாட்டர் டிராகனிலும் ஒரு தலைவலி உண்டு: அதற்குக் கூண்டின் கண்ணாடிச் சுவர் என்றால் என்னவென்று புரியாது. வெளியே தெரியும் இடத்துக்குப் போய்விடலாம் என்று மூக்கை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்கும். முதலில் செதில் உரியும், பிறகு புண்ணாகும், விட்டால் தாடை வரை சீழ் பிடிக்கும். கண்ணாடியின் கீழ்ப்பகுதியை வெளிப்பக்கம் தெரியாதபடி மறைத்துவிட்டால் தேய்ப்பது நன்றாகவே குறையும். உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் ஒரு சிறு புள்ளி, மூன்றாவது கண் என்பார்களே, அது இரண்டுக்குமே உண்டு. அதனால் கையை மேலிருந்து நீட்டினால் பருந்து என்று மிரண்டு நேரே கண்ணாடியில் போய் மோதும். பக்கவாட்டில் கையை நீட்டிப் பழக்குங்கள்.

பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலே முட்டையிடும், அதனால் ஈரமண் நிரப்பிய பெட்டி தேவை. அந்த முட்டைகள் வழக்கமாகப் பொரியாது. ஆனால் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய விலங்குக் காட்சிசாலையில் 2016-ல் தந்தையே இல்லாமல் ஒரு வாட்டர் டிராகன் குட்டி பொரிந்திருக்கிறது.

வாங்கும் முன், கூண்டில் பிறந்த குட்டிதானா என்று கேளுங்கள். காட்டில் இறைச்சிக்காகவும் விற்பனைக்காகவும் பிடித்ததால் வாட்டர் டிராகன் இனம் குறைந்து, 2022-ல் சைட்ஸ் என்ற உலக வனவிலங்கு வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இகுவானா அதே பட்டியலில் பல வருடங்களாக இருக்கிறது. காகிதம் காட்டத் தயங்குகிற விற்பனையாளரிடம் இரண்டில் எதையும் வாங்க வேண்டாம். காட்டில் பிடித்த பிராணி பெரும்பாலும் குடல்புழுவோடும், ஏற்கெனவே தேய்ந்த மூக்கோடும்தான் வரும்.