ஈச் வே கணக்கு போடுற ஆப், மூணு ஸ்டார்தான்

பர்மிங்ஹாம்ல இருக்கற அண்ணன் அங்க ரேஸ் கடையில 10 பவுண்டு ஈச் வே கட்டினேன்னு சொல்லிட்டு 20 பவுண்டு குடுத்தேங்கறான், இன்னாடா கணக்குன்னு புரியாம இந்த ஆப்ப இறக்கினேன். விஷயம் என்னன்னா ஒரே சீட்டுல ரெண்டு பந்தயம், குதிரை ஜெயிக்கும்னு 10, இடம் புடிக்கும்னு 10. அவன் கட்டினது 8/1 குதிரை, அதாவது ஒண்ணு கட்டி ஜெயிச்சா எட்டு லாபம், எட்டு குதிரை ஓடுச்சு, மூணாவது இடம் வரைக்கும் காசு உண்டு, ஆனா பிளேஸுக்கு ரேட்டுல அஞ்சுல ஒரு பங்குதான். ரெண்டாவது வந்துச்சு. வின்னுக்கு கட்டினது அவுட்டு, பிளேஸ்ல 16, கூட போட்ட 10, ஆக 26.

ஆப் 30ன்னு காட்டுச்சு! சத்துவாச்சாரி டீக்கடையில மாமா பேப்பர் ஓரத்துல பேனாவால போட்டு காமிச்சப்பறம்தான் தெரிஞ்சது, ஆப் தானாவே நாலுல ஒண்ணுன்னு வெச்சிருக்கு, அது வழக்கமா அஞ்சுலேர்ந்து ஏழு குதிரை ஓடுற ரேஸுக்கு, அதுலயும் ரெண்டு இடம்தான். மாமா அந்த காலத்துல காட்பாடில ரயில் ஏறி கிண்டி ரேஸுக்கு போன ஆளு, அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. மாத்துற பட்டன் கடுகு சைஸு, கண்ணாடி போட்டாதான் தெரியும்.

மாத்தினப்பறம் கரெக்டா சொல்லுது. 3/1 குதிரைய போட்டு பாத்தேன், ரெண்டாவது வந்தாலும் கைக்கு 16தான், 20 கட்டி 4 நஷ்டம், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அண்ணனுக்கு அனுப்பிட்டேன், ப்ளூ டிக் வந்துச்சு, ரிப்ளை வரல.