பசுமைப் பூச்சட்டி: மதுரைச் சந்துக்குத் தாங்குமா?

பட்டாசே வேண்டாம் என்போருக்கும் சிவகாசிப் பிழைப்பு என்னாவது என்போருக்கும் நடுவே நிற்கிறது இந்தப் பசுமைப் பூச்சட்டி, அதாவது புகை குறைத்துச் செய்த புஸ்வாணம். பெட்டியில் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) முத்திரையும் கியூஆர் கோடும் இல்லையென்றால் வாங்காதீர்கள். பட்டாசில் பேரியம் உப்பு கலப்பதை உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடுத்துவிட்டது. சாதாரணப் பூச்சட்டியைவிடப் புகை சுமார் 30 சதவீதம் குறையும் என்பதுதான் கணக்கு. மீதி அப்படியே வரும். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் அது தேங்கும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டு வாசலில் கொளுத்துவது தவறு.

ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் மருந்து கட்டிபட்டு வாய் அடைக்கும். பூவாகச் சிந்த வேண்டியது வெடிக்கவும் கூடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நீள ஊதுபத்தியால், கையை நீட்டி, முகத்தை விலக்கிப் பற்றவையுங்கள். அணைந்ததைக் குனிந்து பார்க்காதீர்கள்; அரைமணி கழித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காக, அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடிப்பதே இல்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் இந்தப் பெட்டியையும் எடுத்துப்போக வேண்டாம்.