பிராக் போகிறீர்களா? முதல் நாளே பணத்தைப் பறிகொடுக்காதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் பிராக் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் முதல் நாளில்தான். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே செல்லும் பணம் யூரோ இல்லை, கொருனா. அதனால் இறங்கியதும் எங்கேயாவது பணம் மாற்றிவிட வேண்டும் என்ற பதற்றம் எல்லோருக்கும் வருகிறது. டிசம்பர் கடைசியில் மாலை நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்கும். கையுறையைக் கழற்றவும் மனமில்லாமல், பெட்டியை இழுத்துக்கொண்டு, பளிச்சென்று விளக்கெரியும் முதல் கவுண்டரில் நோட்டை நீட்டிவிடுகிறார்கள். மோசமான கவுண்டர்கள் நம்பியிருப்பது இந்த அவசரத்தைத்தான்.

நடப்பது இப்படி. அன்றைய விலை ஒரு யூரோவுக்கு 25 கொருனா என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான இடத்தில் 200 யூரோவுக்கு 4,900 கொருனா அளவில் கிடைக்கும். பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய சந்துகளில் இருக்கும் மோசமான கவுண்டரில் யூரோவுக்கு 19 அல்லது 20 என்று போட்டு 3,900 கொருனாவை எண்ணி வைப்பார்கள். 1,000 கொருனா, அதாவது 40 யூரோ, ஒரே நிமிடத்தில் போய்விடும். பலகையில் 'கமிஷன் 0%' என்று பெரிதாக எழுதியிருக்கும். அது பொய்யில்லை, கொள்ளை விலைக்குள்ளேயே இருக்கிறது. கண்ணில் படும்படி பெரிதாகப் போட்டிருப்பது பல இடங்களில் அவர்கள் யூரோவை விற்கும் விலை. நீங்கள் யூரோ கொடுப்பதால் பார்க்க வேண்டியது அவர்கள் வாங்கும் விலை. செக் மொழியில் 'நாக்குப்' என்று தலைப்பிட்ட பத்தி அது. 'ப்ரொதெய்' என்ற பத்தி உங்களுக்கு வேண்டாம்.

பலகையைப் படிப்பதைவிட, வாய்விட்டுக் கேட்பதுதான் பாதுகாப்பு. "100 யூரோ கொடுத்தால் கையில் மொத்தம் எத்தனை கொருனா தருவீர்கள்?" என்று கேளுங்கள். ஒரு காகிதத்திலோ கால்குலேட்டரிலோ எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை நோட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தள்ளக் கூடாது. அன்றைய அதிகாரப்பூர்வ விலையைச் செக் தேசிய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் தன் இணையதளத்தில் போடுகிறது. புறப்படும் முன் பார்த்துக் குறித்துக்கொண்டால், சொல்லும் எண் சரியா இல்லையா என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே மாற்றிவிட்டு, தெருவில் நின்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது என்றால், இதைக் கவனமாகப் படியுங்கள். பயணிகளில் பலருக்குத் தெரியாத உரிமை இது. 2019 ஏப்ரல் 1 முதல் செக் சட்டம், இப்படி மோசமான விலைக்கு மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் காரணம் சொல்லாமல் திருப்பிக்கொள்ள வழி தருகிறது. 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதே கவுண்டருக்கே போங்கள். ரசீதையும் வாங்கிய கொருனா முழுவதையும் கொடுத்து, பரிமாற்றத்தை ரத்து செய்யச் சொல்லுங்கள். கொடுத்த யூரோ முழுதாகத் திரும்ப வர வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது.

இது கைகூடாமல் போவது மூன்று காரணங்களால். ஒன்று, ரசீது இல்லாதது. குளிரில் பையில் கசக்கிப் போட்டு, பிறகு ரயில் டிக்கெட்டோடு சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். அதில் அச்சாகியிருக்கும் நேரம்தான் உங்கள் சாட்சி. வாங்கியவுடனே போனில் படம் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, கையில் வந்த கொருனாவில் பாதியைச் செலவழித்துவிடுவது. மூன்றாவதுதான் பெரிது: இறங்கியதும் மாற்றிவிட்டு, அறைக்குள் நுழைந்து, வெந்நீரில் குளித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது. அதற்குள் மூன்று மணி நேரம் முடிந்துபோகும். கணக்கைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் பாருங்கள்.

கவுண்டரில் மறுத்தால் சத்தம் போட்டுப் பயனில்லை. விலைப் பலகையையும் ரசீதையும் நேரம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, செக் தேசிய வங்கியில் புகார் கொடுங்கள். பணம் மாற்றும் கடைகளைக் கண்காணிப்பது அதுதான். அலுவலகம் நகர மையத்திலேயே, நா ப்ரிகோப்பே தெருவில் 28ஆம் எண்.

கவுண்டர் வாசலில் ஒருவர் வந்து, "உள்ளே கொள்ளை, நான் நல்ல விலை தருகிறேன்" என்று பேச்சுக் கொடுப்பார். வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இது சகஜம். அவர் தருவது செல்லாத பழைய பெலாருஸ் ரூபிளாகவோ மதிப்புக் குறைந்த ஹங்கேரி போரிண்டாகவோ இருக்கும். பெலாருஸ் 2016 ஜூலையில் 10,000 பழைய ரூபிளை ஒரு புதிய ரூபிளாக மாற்றியது. அந்தப் பழைய தாள்கள்தான் இங்கே சுற்றுக்கு வருகின்றன. கொருனா நோட்டில் 'செஸ்கா நாரொத்னி பாங்கா' என்று லத்தீன் எழுத்தில் வங்கியின் பெயர் இருக்கும். ரஷ்ய எழுத்து தெரிந்தால் அது கொருனாவே இல்லை. தெருவில் மாற்றிய பணத்துக்கு ரசீதும் இல்லை, மூன்று மணி நேர உரிமையும் இல்லை. பேச்சுக் கொடுக்காமல் நடந்துவிடுங்கள்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் நிறைய ரொக்கம் தேவையே இல்லை. கடை, உணவகம், டிராம் என்று பெரும்பாலான இடங்களில் கார்டு போதும். ரொக்கம் வேண்டுமென்றால் வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மைத் தேடுங்கள்: செஸ்கா ஸ்போர்ஷிதெல்னா, கொமெர்ச்னி பாங்கா, சிஎஸ்ஓபி. சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் இயந்திரங்கள் எடுத்த எடுப்பில் 8,000, 10,000 என்று பெரிய தொகைகளைக் காட்டும்; 'வேறு தொகை' என்பதை அழுத்தி வேண்டியதை மட்டும் எடுங்கள். அடுத்த திரையில், "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கழித்துக்கொள்ளவா?" என்று ரூபாயில் ஒரு தொகை வரும். அதில் நூற்றுக்குப் பத்துக்கு மேல்கூட ஏற்றியிருப்பார்கள். மறுக்கும் பொத்தானை அழுத்துங்கள். மறுத்தால் பணம் வராதோ என்று பயப்பட வேண்டாம், கொருனா வரத்தான் செய்யும். விலையை உங்கள் வங்கி போடும். உணவகத்தில் நீட்டும் கார்டு இயந்திரத்திலும் இதே கேள்வி வரும். பரிமாறுகிறவர் உங்களுக்காக அதை அழுத்திவிடாமல் இயந்திரத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி செயலியில் நீங்களே திறந்துவிட்டிருக்க வேண்டும். 2020 முதல் புதிய கார்டுகள் அது மூடிய நிலையிலேயே வருகின்றன. ஃபாரெக்ஸ் கார்டு (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு) வைத்திருந்தால், அதில் கொருனா இருக்கிறதா என்று கேளுங்கள். பலவற்றில் இருக்காது, யூரோவை ஏற்றிக் கொருனாவில் தேய்த்தால் நாணயம் மாற்றும் கட்டணம் தனியாக விழும்.

விமான நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது. அங்கிருந்து ஊருக்குள் வர, 59ஆம் எண் டிராலி பஸ்ஸில் நாத்ராஷி வெலெஸ்லவீன் நிலையம் போய் மெட்ரோவின் பச்சை நிற ஏ தடத்தைப் பிடிக்க வேண்டும். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை குத்த வேண்டும்; மெட்ரோவில் அது நகரும் படிக்கட்டுக்கு முன்பே நிற்கிறது. தடுப்புக் கதவே இல்லாததால் முத்திரை குத்தாமல் உள்ளே போய்விடுகிறார்கள், கீழே பரிசோதகர் நிற்கிறார். டிக்கெட் இருந்தும் அபராதம்தான். டிராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் கார்டு காட்டி எடுத்த டிக்கெட் ஏற்கெனவே முத்திரையோடு வரும், அதை மறுபடி குத்த வேண்டியதில்லை. போனில் எடுப்பவர்கள் ஏறுவதற்கு முன்பே செயல்படுத்திவிட வேண்டும். குளிரில் போன் சட்டென்று அணைந்துவிடும், அணைந்த போனில் உள்ள டிக்கெட்டைப் பரிசோதகர் ஏற்கமாட்டார். போனை உள்பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். அபராதம் கேட்பவரிடம் அடையாள வில்லையையும் ரசீதையும் கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக, பழைய நகரச் சதுக்கத்துச் சந்தையில் தணலில் சுழலும் பன்றித் தொடைக்கறி. பலகையில் இருப்பது 100 கிராமுக்கான விலை, அதுவும் சிறிய எழுத்தில். ஒன்றும் சொல்லாமல் நின்றால் 400 கிராம் வரை வெட்டித் தட்டில் வைத்துவிடுவார்கள். 100 கிராம் 100 கொருனா என்றால் நான்கு மடங்கு பில். வெட்டிய பிறகு வாதாடுவது கஷ்டம். கத்தி இறங்குவதற்கு முன்பே "ஸ்தோ கிராமூ" என்று 100 கிராம் கேளுங்கள், தராசு முள்ளைப் பாருங்கள், கூடுதலாக இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் நகருங்கள். இரண்டு தெரு தள்ளினால் பாதி விலையில் உட்கார்ந்து சூடான சூப்பே குடிக்கலாம்.