பித்தப்பை கல்லுக்கு ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா, ரோபோவா?

பித்தப்பையை எடுத்துடணும்னு டாக்டர் சொன்னதும் நிறைய பேர் தழும்பைப் பத்திதான் கேக்குறாங்க, ஆனா பெரிய வித்தியாசம் தோல்ல இல்ல, அதுக்குக் கீழ இருக்கிற தசையிலதான் இருக்கு. ஓப்பன்ல வலது விலாவுக்குக் கீழ 10ல இருந்து 15 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தசையை வெட்டித்தான் உள்ள போகணும். மூச்சு விட, இரும, எழுந்து உக்கார எல்லாத்துக்கும் அசையுற தசை அது, அதனால ஆழமா மூச்சு இழுத்தாலே வலிக்கும், வலிக்குதேன்னு மேலோட்டமா மூச்சு விட்டா நெஞ்சுல சளி தங்கி நிமோனியா வரைக்கும் கொண்டு விடலாம், பின்னாடி அந்த வெட்டு வழியா ஹெர்னியா, அதாவது குடல் பிதுங்கி வெளிய தள்றது, வர்றதும் உண்டு.

லேப்ராஸ்கோப்பியில அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர்னு 3, 4 ஓட்டைதான். வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைடு ஏத்தி, கேமரா விட்டு டிவில பாத்து செய்வாங்க. பெரும்பாலும் அன்னைக்கே இல்ல மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம், 1, 2 வாரத்துல பழைய வேலைக்குத் திரும்பலாம், ஓப்பன்னா அது 4ல இருந்து 6 வாரம். ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க, ஆபரேஷன் முடிஞ்சு தோள்பட்டை வலிக்கலாம். வயித்துல செஞ்சதுக்கு தோள் ஏன் வலிக்குதுன்னு பயந்துடாதீங்க, அந்த கேஸ் நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற உதரவிதானத் தசையை உறுத்துறதுதான் காரணம், சில நாள்ல போயிடும்.

1985ல ஜெர்மனியில எரிக் மூஹே முதல் தடவை இப்படி பித்தப்பையை எடுத்தப்ப அவர் நாட்டு சர்ஜன்களே ஏத்துக்கல, இன்னைக்கு இதுதான் முதல் சாய்ஸ்.

ரோபோன்னா டாக்டர்தான் அதை இயக்குவார், அதுல கருவி மணிக்கட்டு மாதிரி வளையும், முப்பரிமாணத்துல தெரியும், ப்ராஸ்டேட் மாதிரி இடுக்கான இடத்துல தையல் போட ரொம்ப உதவும். ஆனா சாதாரண பித்தப்பைக்கு நோயாளி தேறி வர்றது லேப்ராஸ்கோப்பி மாதிரியேதான், செலவு மட்டும் கூட, நானா இருந்தா அதுக்குக் காசு கொடுக்க மாட்டேன்.

அதுக்காக சின்ன ஓட்டைன்னாலே எல்லாத்துக்கும் நல்லதுன்னு நினைச்சுடாதீங்க. ஆரம்பக்கட்ட கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு 2018ல வந்த பெரிய ஆய்வுல ஓப்பன்ல செஞ்சவங்கதான் நல்லா இருந்தாங்க. பித்தப்பையிலயும் வீக்கம் அதிகமா இருந்து பித்தநீர் போற குழாயான பித்தநாளம் எதுன்னு சரியா தெரியலன்னா பாதியில ஓப்பனுக்கு மாறுவாங்க, அது டாக்டரோட தோல்வி இல்ல, நாளத்தைத் தப்பா வெட்டிட்டா வர்ற கஷ்டம் தழும்பை விட பல மடங்கு பெருசு. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி, எந்த நிலைமையில ஓப்பனுக்கு மாறுவீங்க, மாறினா எத்தனை நாள் தங்கணும்னு ரெண்டையும் நேராவே கேட்டுடுங்க.