64 ஜிபி மெமரியைக் கோப்பில் இறக்குவது: மேப்டு-ரேமோடு புழங்கிய அனுபவம்

விஎம்களை, அதாவது மெய்நிகர் இயந்திரங்களை, தாங்கும் ஹோஸ்ட் இயந்திரத்துக்குப் புதிய கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) வரும்போதெல்லாம் அதே கேள்வி வந்து நிற்கும்: மேலே ஓடிக்கொண்டிருக்கும் விஎம்களை என்ன செய்வது? வேறொரு ஹோஸ்டில் இடம் இருந்தால் லைவ் மைக்ரேஷன் (ஓட்டத்தை நிறுத்தாமல் இடம் மாற்றுவது) செய்துவிடலாம். இடம் இல்லாத நாள்தான் அதிகம். அப்போது விஎம்மை நிறுத்தி, மெமரியைக் கோப்பில் எழுதி வைத்து, ஹோஸ்ட் மீண்டும் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வைப்பேன். பேசாமல் ஷட்டவுன் செய்து பூட் பண்ணலாமே என்று பலர் கேட்பார்கள். பெரிய டேட்டாபேஸ் ஓடும் விஎம்மில் கேஷ் நிரம்பவே வெகு நேரம் பிடிக்கும். அதுவரை ஒவ்வொரு குவெரியும் வட்டுவரை போய்த்தான் திரும்பும். அதனால்தான் இந்தச் சேமிப்பு வேலையில் எனக்கு இவ்வளவு அக்கறை. விஎம் நின்றிருக்கும் நேரம் முழுக்க யாரோ ஒருவர் காத்திருக்கிறார்.

கேவிஎம் (லினக்ஸ் கர்னலில் உள்ள விஎம் வசதி), கியூஎமு (விஎம்மை ஓட்டும் நிரல்), லிப்விர்ட் (அதை நிர்வகிக்கும் கருவி) மூன்றையும் வைத்துத்தான் பல வருடமாக வேலை. தலைப்பில் உள்ள மேப்டு-ரேம், கியூஎமு மெமரியைக் கோப்பில் சேமிக்கும் ஒரு வடிவம். கியூஎமுவைப் பொறுத்தவரை கோப்பில் சேமிப்பதும் ஒருவகை மைக்ரேஷன்தான். மறுமுனையில் இன்னொரு ஹோஸ்டுக்குப் பதில் கோப்பு இருக்கிறது, அவ்வளவே. முன்பெல்லாம் மைக்ரேஷன் ஓட்டத்தை ஒரு பைப்பில் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் குழாய்) விட்டு, கேட் கட்டளையால் கோப்பில் கொட்டுவோம். கியூஎமுவில் மைக்ரேஷன் வேகத்துக்கு இயல்பாக இருக்கும் வரம்பு நொடிக்கு 128 எம்பி. அதை உயர்த்த மறந்தால், நிரம்பிய 64 ஜிபி மெமரி இறங்க 512 நொடி, அதாவது எட்டரை நிமிடம் ஆகும். லிப்விர்ட் வழியாகப் போனால் அந்த வரம்பை அதுவே தளர்த்திவிடும். கியூஎமு கன்சோலில் நேரடியாகச் செய்கிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். வரம்பை எடுத்த பிறகும் என்விஎம்இ வட்டின் (வேகமான எஸ்எஸ்டி வகை) வேகத்தில் பாதியைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரே த்ரெட் (நிரலின் ஓர் ஓட்ட இழை) பக்கங்களை (மெமரியின் 4096 பைட் துண்டுகளை) எடுத்து, பைப்பில் தள்ளி, அவை அங்கிருந்து கர்னலின் பேஜ் கேஷுக்கு (கோப்புத் தரவைத் தற்காலிகமாக வைக்கும் மெமரிக்கு) போய், பிறகுதான் வட்டில் விழும். ஒரே பைட் மூன்று இடத்தில் நகல் ஆகிறது.

அந்தப் பழைய வடிவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். நெட்வொர்க்குக்காக அமைத்த ஓடை அது. ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னால் 8 பைட் தலைப்பு வரும், அதில் பக்கத்தின் முகவரியும் சில கொடிகளும் இருக்கும். அதற்குப் பிறகு 4096 பைட் தரவு. பக்கம் முழுதும் பூஜ்ஜியம் என்றால் தலைப்போடு ஒரே ஒரு பைட்தான். ஆக, கோப்புக்குள் எந்தப் பக்கமும் 4096-இன் மடங்கில் தொடங்காது. பேஜ் கேஷைத் தவிர்த்து நேரே வட்டில் எழுதும் டைரக்ட் ஐஓவுக்கு எல்லை பிசகாத முகவரி வேண்டும், இந்த வடிவத்தில் அது நடக்காது. இன்னொன்று, விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சேமித்தால், மாறிய பக்கம் மறுபடி மறுபடி ஓடையின் வாலில் சேரும். மெமரியில் எழுதுவது அதிகமுள்ள விஎம் ஒன்றை இப்படிச் சேமித்தபோது அதன் மெமரி அளவையே கோப்பு தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். திரும்ப ஏற்றும்போதும் பழைய நகல்களை எல்லாம் வரிசையாகப் படித்து, ஒன்றன்மேல் ஒன்றாக எழுதித்தான் தீர வேண்டும்.

2023 டிசம்பரில் வந்த கியூஎமு 8.2 கோப்பை நேரடி மைக்ரேஷன் இலக்காக ஏற்றது. 2024 ஏப்ரலில் வந்த 9.0-இல் மேப்டு-ரேம் சேர்ந்தது. சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிய வேலை இது. பேட்ச்களாக (இன்னும் சேர்க்கப்படாத திருத்தங்களாக) இருந்த காலத்தில் இதன் பெயர் ஃபிக்ஸ்டு-ரேம். எனக்கு அந்தப் பழைய பெயர்தான் இன்னும் பிடிக்கும், விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. மெமரியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கோப்பில் நிலையான ஓர் இடம். பக்கம் மாறினால் அதே இடத்தில் மேலெழுதப்படும், எனவே கோப்பு மெமரி அளவை ஒட்டியே நிற்கும். எந்தெந்தப் பக்கம் எழுதப்பட்டது என்பதை ஒரு பிட்மேப் சொல்லும். 64 ஜிபிக்கு 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம் பக்கங்கள். பக்கத்துக்கு ஒரு பிட் என்றால் பிட்மேப் 2 எம்பிதான். பக்கங்கள் தொடங்கும் இடம் 1 எம்பி எல்லையில் சரியாக உட்காரும்.

இடம் நிலையாகிவிட்டதால் வரிசை தேவையில்லை. வரிசை தேவையில்லை என்றால் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் எழுதலாம், கியூஎமுவின் மல்டிஎஃப்டி வசதி அதைத்தான் செய்கிறது. ஏற்றும்போதும் அப்படியே, பிட்மேப்பைப் பார்த்து ஆளுக்கொரு பகுதியைப் படிக்கின்றன. இயல்பாகச் சேனல் (இணையாக எழுதும் வழி) எண்ணிக்கை 2. என்விஎம்இயில் நான் 4 வைத்திருக்கிறேன். 8-க்கு ஏற்றியதில் என் இயந்திரங்களில் பெரிய மாற்றம் தெரியவில்லை. சேட்டா எஸ்எஸ்டியில் வட்டே முட்டி நிற்பதால் 2 போதும்.

வேகத்தைவிட எனக்குப் பெரிய நிம்மதி தந்தது டைரக்ட் ஐஓதான். 2024 செப்டம்பரின் 9.1 பதிப்பில் அது தனி அமைப்பாக வந்தது. அதற்கு முன் ஒரு விஎம்மைச் சேமிக்கும்போது 64 ஜிபி தரவும் ஹோஸ்டின் பேஜ் கேஷ் வழியாகப் போகும். அதே ஹோஸ்டில் ஓடும் மற்ற விஎம்களின் கேஷ் வெளியே தள்ளப்படும், கர்னல் மொத்தத்தையும் வட்டில் கொட்டத் தொடங்கும்போது எல்லாமே சில நொடி திணறும். ஒரு விஎம்மை நிறுத்தியதற்கு ஆறு விஎம்காரர்களிடமிருந்து புகார் வரும். லிப்விர்ட்டில் கேஷைத் தவிர்க்கும் வசதி முன்பே இருந்தது, ஆனால் அது நடுவில் ஓர் உதவி புரோசஸை வைத்து, பைப்பிலிருந்து எடுத்து எழுதும். இப்போது கியூஎமுவே நேராக எழுதுகிறது. சேமிப்பு நடக்கும்போது, மெமரி நிலவரம் காட்டும் ஃப்ரீ கட்டளையில் கேஷ் நெடுவரிசை அசையாமல் இருப்பதைப் பார்க்கும்போது, இதற்காக இவ்வளவு காலம் காத்திருந்தோமே என்று தோன்றுகிறது.

கோப்பின் அளவைக் குறைக்க ஒரு வழி உண்டு, பலரும் கவனிப்பதில்லை. பூஜ்ஜியப் பக்கங்கள் எழுதப்படுவதில்லை, அந்த இடம் கோப்பில் ஓட்டையாகவே விடப்படும். ஆனால் மாதக்கணக்கில் ஓடிய கெஸ்டில் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளத்தில்) பூஜ்ஜியப் பக்கம் எங்கே இருக்கும்? கெஸ்ட் விடுவித்த மெமரியில் பழைய தரவு அப்படியே கிடக்கும்; ஹோஸ்டுக்கு அது பயன்படும் பக்கமா, குப்பையா என்று தெரியாது. பலூன் சாதனத்தில் (கெஸ்ட் மெமரியை ஹோஸ்டுக்குத் திருப்பித் தர உதவும் மெய்நிகர் சாதனம்) ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங்கை இயக்கி வைத்தால் தெரியும். கெஸ்டில் லினக்ஸ் 5.7, ஹோஸ்டில் கியூஎமு 5.1 இருந்தால் போதும். விடுவித்த பக்கங்களைக் கெஸ்ட் தெரிவிக்க, ஹோஸ்ட் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சேமிக்கும்போது அவை பூஜ்ஜியமாகவே படிக்கப்படும். கேஷ் சூடாக இருக்க வேண்டிய அவசியமில்லாத விஎம் என்றால், சேமிப்பதற்குச் சற்று முன் கெஸ்டின் பேஜ் கேஷையும் காலி செய்வேன். 64 ஜிபி விஎம் ஒன்று அப்படி 19 ஜிபியில் இறங்கியிருக்கிறது.

இந்த ஓட்டைகள் என்னை ஒருமுறை கவிழ்த்தும் இருக்கின்றன. கோப்பின் அளவை எல்எஸ் கட்டளை 64 ஜிபி என்றது, வட்டில் அது பிடித்த இடத்தை டியூ கட்டளை 19 ஜிபி என்றது. 19-ஐ நம்பி எஸ்சிபி கட்டளையால் இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பினேன். எஸ்சிபி ஓட்டைகளையும் பூஜ்ஜியங்களாக நிரப்பி எழுதும். அங்கே வட்டு நிரம்பி, நடுவழியில் நின்றது. அதன்பின் ஆர்சிங்க் என்ற நகல் கருவியை, ஓட்டைகளை விட்டுவைக்கும் ஸ்பார்ஸ் விருப்பத்தோடு மட்டும்தான் பயன்படுத்துகிறேன்.

அதைவிடப் பெரிய அடி வேறொன்று. மெமரிக் கோப்பு மட்டும் தனியாக ஒன்றுமே இல்லை. வட்டோடு சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். ஓர் இரவு விஎம்மைக் கோப்பில் சேமித்து, ஹோஸ்டை ரீபூட் செய்தேன். காலையில் ஷிஃப்டுக்கு வந்தவர் விஎம் அணைந்திருப்பதைப் பார்த்து வழக்கம்போல் ஸ்டார்ட் செய்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் சொல்லி வைக்கவில்லை. விஎம் புதிதாக பூட் ஆகி அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. அது தெரியாமல் நான் அதை அணைத்து, சேமித்த மெமரியை ஏற்றினேன். கெஸ்டின் நினைவில் இருந்தது நேற்றிரவு ஃபைல்சிஸ்டம், வட்டில் இருந்தது காலையில் மாறிய ஃபைல்சிஸ்டம். சில நிமிடத்தில் ஜர்னல் (ஃபைல்சிஸ்டத்தின் மாற்றப் பதிவு) பிழைகள் வரிசையாக வந்து, ரூட் பார்ட்டிஷன் ரீட்-ஒன்லி ஆனது. பேக்கப்பிலிருந்து மீட்டு எடுக்க அன்றைய பொழுது போனது. இப்போதெல்லாம் அதே ஹோஸ்டில் திரும்ப ஏற்றுவதாக இருந்தால் லிப்விர்ட்டின் மேனேஜ்டு சேவ் மட்டும்தான். யார் ஸ்டார்ட் கொடுத்தாலும் அது சேமித்த மெமரியிலிருந்தே எழும். தனிக் கோப்பாகச் சேமிக்கும் நாளில் வட்டுக்கும் அதே நேரத்தில் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தின் நகல்) எடுத்துவிடுகிறேன்.

மேப்டு-ரேமில் குறைகளும் உண்டு. சேமிக்கும்போதே சுருக்க முடியாது. நிலையான இடமும் சுருக்கமும் ஒத்துப்போகாதவை. நீண்டநாள் வைத்திருக்க வேண்டிய கோப்பைப் பிறகு இசட்எஸ்டிடி கருவியால் சுருக்குகிறேன், அந்த நேரம் விஎம்மின் நிறுத்த நேரத்தில் சேராது. விஎம்மை நிறுத்தாமல் ஒரு கணத்தின் மெமரியைப் பிடிக்க கியூஎமு 6.0-இல் வந்த பேக்ரவுண்ட் ஸ்னாப்ஷாட் இருக்கிறது, ஆனால் அதோடு மல்டிஎஃப்டியைச் சேர்க்க முடியாது. ஜிபியுவை நேரடியாகக் கொடுத்த விஎம்களுக்கு, அந்தச் சாதனமே மைக்ரேஷனை ஆதரிக்காவிட்டால், எந்த வழியும் இல்லை.

திரும்ப ஏற்றும்போது, சேமிக்கையில் இயக்கிய அதே கேபபிலிட்டியை (மேப்டு-ரேம் போன்ற வசதியை) அங்கேயும் இயக்க வேண்டும். இன்கமிங்கை (உள்வரும் மைக்ரேஷனை) டிஃபர் (காத்திருக்கும்) நிலையில் தொடங்கி, மேப்டு-ரேமை இயக்கிவிட்டுப் பிறகு கோப்பைச் சுட்டுவேன். இந்த வரிசை தப்பினால் பிழைச் செய்திதான் வரும். விஎம்முக்குக் காட்டப்படும் மெஷின் டைப்பும் சிபியு மாடலும் பொருந்த வேண்டும். எழுந்ததும் கெஸ்டின் கடிகாரம் பின்தங்கியிருக்கும், உள்ளே ஓடும் கெஸ்ட் ஏஜெண்ட் நிரல் மூலம் நேரத்தைச் சரிசெய்கிறேன். பழைய டிசிபி இணைப்புகள் பெரும்பாலும் அறுந்திருக்கும். மீண்டும் இணையத் தெரியாத அப்ளிகேஷன்கள் அப்போதுதான் வெளிப்படும்.

கெஸ்ட் தன் வட்டை என்கிரிப்ட் செய்திருந்தாலும், அதன் சாவி இந்தக் கோப்பில் திறந்து கிடக்கிறது. கடவுச்சொற்களும் செஷன் டோக்கன்களும் அப்படித்தான். ஆகவே என்கிரிப்ட் செய்த தனி வால்யூம் ஒன்றை இதற்கென்றே வைத்து, ரூட் மட்டும் படிக்கும்படி அனுமதி கொடுத்திருக்கிறேன். விஎம் எழுந்து, அப்ளிகேஷன்கள் சரியாக ஓடுகின்றன என்று பார்த்தவுடனே கோப்பை அழித்துவிடுகிறேன். விஎம் மேலே ஓடத் தொடங்கிய பிறகு அந்தக் கோப்பு வட்டோடு பொருந்தாத பழைய நினைவு, யாராவது தவறி ஏற்றினால் அன்று நடந்ததே மறுபடி நடக்கும்.